மூளைக்கு நல்லது

ராயபுரம்
6 ஏப்ரல் 2025

ஜெஸ்வின்,

என் போனை எடுக்கப் போவதில்லை என்று உன் மனைவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. போனில் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம், எழில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறாள். கடிதத்தில் யாரும் யாரையும் இடைமறிக்க முடியாது. ஷிஜியிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. ஆனால் படி.

உன் மகளின் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் இரத்தம் எடுத்தார்கள். ஈயத்தின் அளவு பதினான்கு என்று வந்திருக்கிறது. ஐந்தைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பதினான்கு. போன ஞாயிறு நான் இதைத்தான் சொன்னேன். நீ அதை உன் தொழிலைப் பழித்ததாக எடுத்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாய்.

நிதானமாகச் சொல்கிறேன். நீ பேட்டரி கடை வைத்திருக்கிறாய், கடைக்கு மேலேயே குடியிருக்கிறாய். பழைய பேட்டரியை உடைக்கிறாய், டெர்மினலுக்கு ஈயம் உருக்கி ஊற்றுகிறாய், அதே சட்டையோடு மாடியேறி எழிலைத் தூக்குகிறாய். போதாததற்கு அவளுக்கு இரத்தசோகை வேறு. இரும்பும் ஈயமும் ஒரே பஸ்ஸுக்கு நிற்கிற இரண்டு பேர் மாதிரி. இருக்கையில் இரும்பு உட்கார்ந்திருந்தால் ஈயம் நின்றுகொண்டே வந்து இறங்கிவிடும். இருக்கை காலியாக இருந்தால் அது உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

காசிமேட்டில் விசைப்படகைக் கரையேற்றி வைத்திருக்கும்போது அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பாய். இரும்பின்மேல் அங்கங்கே துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். உப்புத் தண்ணீர் முதலில் அதைத் தின்னும், அதுவரை இரும்பு பிழைக்கும். மூளையிலும் அப்படிச் சில காவல் பொருட்கள் இருக்கின்றன. குளுட்டாதயோன் என்று ஒன்று. துருப்பிடிக்கிற வேலையைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மூளையைக் காப்பாற்றும். ஈயம் வந்தால் அந்தக் காவலாளியின் கையைத்தான் முதலில் பிடிக்கும். பெரியவர்களுக்கு மூளை கட்டி முடிந்த வீடு. குழந்தைக்கு இன்னும் சாரம் கட்டி வேலை நடக்கிறது.

கோடை விடுமுறைக்கு எழிலை என்னிடம் அனுப்பு. உன் வீட்டுத் தூசியிலிருந்து அவள் கொஞ்ச காலம் விலகி இருக்கட்டும். நல்ல சாப்பாடு கொடுக்கிறேன். அதற்குள் நீ கடையைச் சரிசெய்.

ஞானபாக்கியம்


திருவொற்றியூர்
11 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. கடையில் வேலைக்கு நடுவே பாஸ்கருக்கும் படித்துக் காட்டினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னா அண்ணே, டீச்சரக்கா உன் மேல கேஸு போடுதா? நான் பதினஞ்சு வருசமா இதுலயே கைய வுட்டுக்கினு கீறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?" "உனக்கு என்ன ஆச்சுன்னு உன் பொண்டாட்டியக் கேளுடா" என்றேன். "அத்த வுடு, அது பொறந்ததுலருந்தே என்னிய லூசுன்னுதான் சொல்லிக்கினு கீது" என்றான்.

சிரிப்பதற்காக எழுதவில்லை. இந்த எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்து ஒரு நாள் நின்று பார். இந்தப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், அந்தப் பக்கம் கண்டெய்னர் லாரி. மழை பெய்தால் மொட்டைமாடியில் கறுப்பாக ஓடுகிறது. இங்கே ஆயிரம் குழந்தைகள் வளர்கின்றன. எல்லாருக்கும் அப்பன் பேட்டரி கடையா வைத்திருக்கிறான்? உனக்கு மட்டும் விஷம் என் சட்டையில்தான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உன் வெள்ளீய ரசச் சொம்பை அடுப்பில் வெறுமனே வைத்துவிட்டு நீ காய் நறுக்கப் போனாய். அது அடி உருகி ஓட்டை விழுந்தது. உன் ரமாபாய் டீச்சர் நீ ஓய்வுபெற்ற அன்று ஆசையாகக் கொடுத்தது என்று நீ அழாத குறை. அப்போது என் கடை உனக்கு வேண்டியிருந்தது. இராத்திரியோடு இராத்திரியாக அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் விருந்துக்கு அதில்தான் ரசம். அன்றைக்கு "என் தம்பி கை பொன்னான கை" என்றாய். மூன்று மாதத்தில் அதே கை விஷக் கை ஆகிவிட்டது.

எழிலை அனுப்புகிறேன். உனக்காக இல்லை. ஷிஜி இராத்திரி எழுந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்கிறாள், அதைப் பார்க்க முடியவில்லை.

கடையில் நான் செய்யப்போவது: சட்டையும் செருப்பும் கீழேயே. கீழேயே குளியல். பெருக்குவது இல்லை, ஈரத்துணியால் துடைப்பதுதான். உருக்குகிற அடுப்பைப் பின்னால் திறந்தவெளிக்கு மாற்றுகிறேன். என் இரத்தத்தையும் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடு. ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறாள். அது ஈயத்தாலா சோம்பேறித்தனத்தாலா என்று நீதான் சொல்ல வேண்டும், நீதானே டீச்சர்.

ஜெஸ்வின்


ராயபுரம்
4 மே 2025

ஜெஸ்வின்,

ஏழாம் வாய்ப்பாடு உனக்கும் பன்னிரண்டு வயதுவரை வரவில்லை. அப்போது நம் வீட்டில் பேட்டரி கடை இல்லை.

உன் இரத்தத்தில் முப்பத்தெட்டு என்று ஷிஜி சொன்னாள். என்னிடம் சொல்லக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாயாம். அவளைத் திட்டாதே. நீ அடுப்பை மாற்றியதையும் கீழே குளிப்பதையும் அவள்தான் சொன்னாள். சொன்னதைச் செய்திருக்கிறாய். அதற்கு நான் நன்றி சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் விட்டுவிடுகிறேன்.

எழில் நன்றாக இருக்கிறாள். காலையில் ஒரு நெல்லிக்காய். பத்து மணிக்கு ராகிக் கூழ், சுண்ணாம்புச்சத்துக்காக. டாக்டர் மலிகா எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மருந்து தவறாமல் போகிறது. சமையலில் பூண்டும் வெங்காயமும் அதிகம் சேர்க்கிறேன், அவற்றில் கந்தகம் இருக்கிறது. நான் சொன்ன காவலாளிக்குக் கந்தகம்தான் கை. மதியம் வல்லாரை ரசம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட வரும்போது மட்டும் வைப்பேன், இப்போது தினமும். ஈயம் கொடுத்த எலிகளுக்கு வல்லாரைச் சாறு கொடுத்து, மூளையில் சேதம் குறைந்ததாகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். எலிக்கு ஆனது நமக்கும் ஆகும் என்று உறுதியில்லை. கெடுதல் இல்லை என்பது உறுதி.

ரமாபாய் டீச்சர் தஞ்சாவூர்க்காரர். வெள்ளீயச் சொம்பில் ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்பார். வாசனைக்கு அது போதும். எனக்கு வேண்டியது கீரையின் சத்து. புளியைக் கெட்டியாகக் கரைத்துவிட்டு, சிறு தீயில் அரை மணி நேரம் விடுகிறேன். மிச்சத்தை அதிலேயே மூடி வைத்தால் இராத்திரிக்கும் ஆகிறது. ஊறினால் இன்னும் நல்லது.

நேற்று கேட்கிறாள்: "அத்தை, ரெண்டு டம்ளர் குடிச்சா மூளை டபுளாயிடுமா?" "ஆகாது, வயிறுதான் டபுளாகும்" என்றேன். "அப்ப பாஸ்கர் மாமா அந்தத் தொப்பைக்கு நெறைய குடிச்சிருக்காரு போல" என்கிறாள். அந்த வாய்க்கு எந்தச் சேதமும் இல்லை.

இரண்டு நாளாக வயிறு வலிக்கிறது என்கிறாள். மாம்பழம் அதிகம் தின்றுவிட்டாள்.

ஞானபாக்கியம்


திருவொற்றியூர்
9 ஜூன் 2025

அக்கா,

இருபத்து மூன்று.

ஷிஜி போன வெள்ளிக்கிழமை இரத்தம் எடுக்கக் கூட்டிப் போனாள் இல்லையா, அதன் முடிவு. தப்பாக இருக்கும் என்று அதே இரத்தத்தை மறுபடி சோதிக்கச் சொன்னோம். மறுபடியும் இருபத்து மூன்றுதான். நேற்று ஷிஜி வந்து உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தது இதனால்தான்.

என் வீட்டில் இருந்தபோது பதினான்கு. உன் வீட்டில் இரண்டு மாதம் இருந்து இருபத்து மூன்று. என் கடை விஷம். உன் வீடு என்ன?

நான் என் சட்டையை எரித்தேன், அக்கா. பதினைந்து வருடம் உட்கார்ந்த இடத்தைப் பெயர்த்தேன். பாஸ்கர் முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறான், தெருவே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அவனுடைய பையன்கள் இரண்டு பேருக்கும் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று எடுத்துப் பார்த்தோம். ஆறு, ஏழு. அவர்களுக்கு யாரும் வல்லாரை கொடுக்கவில்லை.

ஷிஜி ஒன்று சொன்னாள். எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். "நல்லது நல்லதுன்னே எல்லாரும் குடுக்காங்க. ஒருத்தரும் குடுக்காம இருந்தா புள்ளைக்கு நல்லதா இருந்திருக்கும்."

ஜெஸ்வின்


ராயபுரம்
12 ஜூன் 2025

ஜெஸ்வின்,

ஷிஜி சொன்னது சரி. கோபத்தில் சொன்னாளா, இல்லையா என்பது வேறு.

மூன்று நாளாக இந்த வீட்டைச் சோதனைக்கூடமாக நினைத்துக்கொண்டு நடக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான்: விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பல்பை மாற்று, பிறகு சுவிட்ச், பிறகு கம்பி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாது.

சுவர்: சுண்ணாம்பு. எண்ணெய்ப் பெயிண்ட் கதவில் மட்டும்தான், அது உரியவில்லை. தண்ணீர்: இந்தத் தெரு முழுக்க அதே குழாய். கீழ்வீட்டு ரூபினாவின் மகளுக்கும் சோதிக்கச் சொன்னேன். என் செலவில் என்றதும் சம்மதித்தாள். நான்கு. தெருத் தூசியும் லாரியும் அந்தக் குழந்தைக்கும்தான், ஆகவே அதுவும் இல்லை. மஞ்சள்தூள்: கலப்படம் வரும் என்று நானே கிழங்கு வாங்கி அரைப்பது. இரும்புச்சத்து மருந்து டாக்டர் கொடுத்தது. பொம்மை எதுவும் இல்லை, சீட்டுக்கட்டு மட்டும். கண்மை போடுவதில்லை.

மிச்சம் இருப்பது சாப்பாடு. சாப்பாட்டில் நான் கொடுத்தது அத்தனையும் நல்லது. ராகி, நெல்லி, பூண்டு, ரசம். எதில் வந்திருக்க முடியும்? கீரை எங்கே விளைகிறது என்று மார்க்கெட்டில் கேட்டேன். மாதவரம் பக்கம் என்றார்கள். சாக்கடைத் தண்ணீராக இருக்கலாம். ஆனால் அந்த அளவுக்கு ஏறுமா?

எனக்குத் தெரியவில்லை. இந்த வாக்கியத்தை நான் அதிகம் எழுதியதில்லை.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

ஞானபாக்கியம்


திருவொற்றியூர்
13 ஜூன் 2025

அக்கா,

இதை ஷிஜியிடம் கொடுக்கவில்லை. பாஸ்கரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளிடம் நேரில் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கீரை, தண்ணீர், சுவர், எல்லாம் எழுதியிருக்கிறாய். சொம்பை எழுதவில்லை. அதை எழுத உனக்குத் தோன்றாது. அது நான் சரிசெய்து கொடுத்தது.

அதன் ஓட்டையை அடைத்தது பேட்டரி ஈயத்தால்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இராத்திரி. பாத்திரக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. கையில் இருந்தது அதுதான். அடி மெலிந்து போயிருந்ததால் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். நல்ல வேலை என்று எனக்கே பெருமை. எனக்குத் தெரிந்தவரை விஷம் என்றால் புகை, தூசி. கட்டியாக உறைந்துவிட்டால் அது சும்மா இருக்கும் என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். பாஸ்கர் ஈயக்கட்டியின்மேல் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிடுவான்.

புளித் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று உன் மே மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். பேட்டரிக்குள் ஆசிட் ஈயத்தை என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறவன் நான்.

சொம்பைத் தொடாதே. தூக்கியும் போடாதே. யாராவது எடுத்துப் போய் அதில் சமைப்பார்கள்.

ஜெஸ்வின்


ராயபுரம்
29 ஜூன் 2025

ஜெஸ்வின்,

சொம்பை டாக்டர் மலிகா சொன்ன பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அதில் புளித் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சோதித்தார்கள். குடிதண்ணீரில் அனுமதிக்கும் அளவைப் போலப் பல நூறு மடங்கு. நீ ஊற்றிய இடத்தில் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாக இருக்கிறது. நான் தினமும் அதைத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறேன், ஏன் இப்படி ஆனது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவர்கள் முறைப்படி அழிப்பார்கள்.

நீ ஊற்றினாய். நான் கொதிக்க வைத்தேன். ரமாபாய் டீச்சர் சொன்னபடி நுரை கட்டியதும் இறக்கியிருந்தால் இவ்வளவு இறங்கியிருக்காது. சத்து வேண்டும் என்று நின்றது நான். யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டேன். முதல் பதினான்கில் உன் கடை எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை ரசம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பிரித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்டார்.

எழிலுக்கு ஈயத்தை வெளியேற்றுகிற மாத்திரை வேண்டாமா என்றும் கேட்டேன். அந்த மருந்து இரத்தத்தில் ஈயம் நாற்பத்தைந்தைத் தாண்டினவர்களுக்கு. இந்த அளவில் அதைக் கொடுப்பதால் மூளைக்கு நன்மை கிடைத்ததாகத் தெரியவில்லை. வருவது நின்றால் இரத்தத்தில் இருப்பது தானாக இறங்கும், எலும்பில் போய் உட்கார்ந்தது மெதுவாக வரும். இரும்பும் சுண்ணாம்பும் தொடர வேண்டும். "வேறு என்ன கொடுக்கலாம்?" என்றேன். "வேறு எதுவும் கொடுக்காதீர்கள்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லவர்.

ஏற்கெனவே ஆன சேதம்? அதற்கு அவரிடம் எண் இல்லை. ஒரு குழந்தை எவ்வளவு படிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும். இது நமக்குத் தெரியாமலே போகும். நீயும் நானும் இதோடு இருக்கப் பழக வேண்டும்.

காவல் பொருள், துத்தநாகக் கட்டி என்று உனக்குப் பெரிதாக எழுதினேன். எழுதியதில் தப்பில்லை. ஆனால் கடல் எந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்காமல் கட்டியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஷிஜிக்கு: நீ என்னோடு பேச வேண்டாம். எழிலை இங்கே சாப்பிட அனுப்பவும் வேண்டாம். உன் இடத்தில் நான் இருந்தாலும் அனுப்ப மாட்டேன். அவளுடைய சீட்டுக்கட்டு இங்கே இருக்கிறது, பாஸ்கரிடம் கொடுக்கிறேன்.

ஞானபாக்கியம்


ராயபுரம்
14 செப்டம்பர் 2025

ஜெஸ்வின்,

பதினைந்து என்று டாக்டர் மலிகா போனில் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார், உன்னிடம் முன்னமே அனுமதி வாங்கிவிட்டதாகவும் சொன்னார். நன்றி. இந்தத் தடவை சொல்லிவிட்டேன், கோபப்பட்டுக்கொள்.

பதினைந்து இன்னும் அதிகம்தான். ஆனால் இறங்குகிறது. அடுத்த சோதனை டிசம்பரில்.

பாஸ்கர் சீட்டுக்கட்டை வாங்க வந்தபோது வாசலில் நின்றபடியே சொன்னான்: "டீச்சரக்கா, அண்ணன் இப்ப யாரப் பாத்தாலும் கைய கழுவு கைய கழுவுன்னு பேஜாரு பண்ணிக்கினு கீறாரு. டீ குடிக்கக்கூட வுடமாட்றாரு." சோப்புப் போட்டா என்று கேட்டேன். "அதுக்கு வேற தனியா திட்டு வாங்கிக்கினு கீறேன்" என்றான். தண்டையார்பேட்டையில் இருக்கிற மற்ற பேட்டரி கடைகளுக்கும் நீ போய்ச் சொல்லி வருவதாகச் சொன்னான். பாதிப் பேர் உன்னைக் கேலி செய்கிறார்களாம். மீதிப் பாதி?

எழிலுக்குப் பள்ளிக்கூடத்தில் அறிவியலில் என்ன பாடம் என்று எழுது. வேறு கேட்பதற்கு ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

ஞானபாக்கியம்


திருவொற்றியூர்
16 செப்டம்பர் 2025

அக்கா,

மீதிப் பாதியில் மூன்று பேர் அடுப்பை வெளியே மாற்றியிருக்கிறார்கள். எழிலுக்கு இப்போது பாடம் விதை முளைப்பது.

ஷிஜி நேற்று இராத்திரி, சாப்பிட்டு முடித்த பிறகு, ஒன்று கேட்டாள். மூன்று மாதமாக நாங்கள் யாரும் கேட்காதது. "அக்கா எவ்வளவு?"

எனக்குப் புரியவில்லை. "புள்ளைக்கு இருபத்து மூணு, உங்களுக்கு முப்பத்தெட்டு, எனக்கு ஒம்பது. பாஸ்கர் வீட்டுல, கீழ்வீட்டுல எல்லாம் பார்த்தாச்சு. அந்தச் சொம்பு ரசத்தை எழில் ரெண்டு மாசம் குடிச்சா. அக்கா டிசம்பர்ல இருந்து குடிக்காங்க. அவங்களுக்கு யார் பார்த்தா?"

டாக்டரிடம் போன் செய்து கேட்டேன். நீ எடுக்கவே இல்லை என்றார். அவர் இரண்டு தடவை சொல்லியும் "எனக்கு வயதாகிவிட்டது, குழந்தையைப் பாருங்கள்" என்றாயாம். மார்க்கெட்டில் உன்னைப் பார்த்த ரூபினா ஷிஜியிடம் சொல்லியிருக்கிறாள்: வயிற்றுவலி என்று சீரகத் தண்ணீரிலேயே இருக்கிறாய், வாங்கிய காயைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறாய், அவள் பெயரை மறந்து நின்றாய். நீ "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதுகிறாய்.

கட்டி முடிந்த வீடு என்று எழுதினாயே, கட்டி முடிந்த வீடு இடியாதா?

வெள்ளிக்கிழமை காலையில் கடை திறக்கவில்லை. நானும் ஷிஜியும் வருகிறோம். எழில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள். உனக்கு ஊசி என்றால் பயம் என்று அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொள்வாளாம்.

வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். ஆனாலும் நீ சமைக்க வேண்டாம். ஷிஜி இட்லி கொண்டுவருகிறாள்.

ஜெஸ்வின்